எலியேசர் பாஸ் போட்ட எண்ணெய்

எலியேசர் அண்ணாச்சியை அடக்கம் பண்ணிய அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்தில் ஆளாளுக்கு ஒரே விஷயத்தைத்தான் சொன்னார்கள். தப்பான ஒன்றுக்கு அந்த மனுஷன் ஆயுசில் பாஸ் போட்டதில்லை என்றார்கள். குருவானவரும் பிரசங்கத்தில் அதையே சொன்னார். எனக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. தப்பான ஒன்றுக்கு அவர் பாஸ் போட்டார். ஒரு வருஷத்துக்கு மேல் போட்டுக்கொண்டே இருந்தார். அதை அவருக்குக் காட்டிக் கொடுத்தவள் நான். போன வருஷம், 1998 மே மாதம் நடந்தது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எதைச் சொன்னாலும் அரைகுறைதான்.

பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் அவர் கெமிஸ்ட்ரி லேப் அட்டெண்டர். நான் லெக்சரராகச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தாறு வயசு, அவருக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது. சேர்ந்த முதல் வாரத்திலேயே நான் கழுவி வைத்த பியூரெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது பாஸ் இல்ல மேடம்” என்று திரும்ப வைத்துவிட்டுப் போனார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எம்.எஸ்சி. படித்தவளுக்கு எட்டாம் கிளாஸ் படித்தவர் சொல்லித் தருவதா என்று பிரின்சிபால் அறை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். பியூரெட் குழாயின் உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

பிராக்டிகல் பரீட்சையில் ஒவ்வொரு பையனுக்கும் ஒரு உப்பைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, இது என்ன உப்பு என்று கண்டுபிடிக்கச் சொல்வோம். கட்டுகிறவர் அண்ணாச்சிதான். பரீட்சைக்கு முந்தின நாள் அவர் வீட்டு வாசலில் பையன்கள் காத்துக் கிடப்பார்கள். சிபாரிசு, கெஞ்சல், கிறிஸ்துமஸ் கேக் எல்லாம் வரும். “என்ன உப்புன்னு எனக்குத் தெரியும் தம்பி. உமக்குத் தெரியணும்லா” என்பார். அவ்வளவுதான் பேச்சு. கேக் அவர்களோடேயே திரும்பிப் போகும்.

தொண்ணூற்றி மூன்றில் அவர் மனைவி லில்லி இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. அதற்குப் பிறகு அஞ்சு மணிக்கு லேபைப் பூட்டிவிட்டு, எங்கே போவது என்று தெரியாதவர் போலப் பூட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார். பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் ஏதாவது பேச வேண்டுமே என்று, அன்றைக்கு ஸ்டாஃப் ரூமில் படித்த ஒரு கட்டுரையைச் சொன்னேன். தாவர எண்ணெயோடு மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் சேர்த்து மாற்றினால் டீசலுக்குப் பதிலாக எஞ்சினில் ஊற்றலாம், வெளிநாட்டில் செய்துவிட்டார்கள் என்றேன். மூன்று நாள் கழித்து அவர் வந்து, “மேடம், புன்னை எண்ணெயில ஆகுமா?” என்று கேட்டார்.

அவருடைய சொந்த ஊர் திருச்செந்தூர் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு மூன்று மைல் உள்ளே. அந்தப் பக்கமெல்லாம் புன்னை மரம். அவருடைய அக்கா சாரம்மாள் அங்கே குளத்தடியில் இரண்டு ஏக்கர் வாழை போட்டிருந்தார். புருஷன் இல்லை, ஒரே மகள் கோயம்புத்தூரில். வயல் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்க ஒரு அஞ்சு குதிரைச் சக்தி ஆயில் எஞ்சின். கரண்டுக்கு எழுதிப் போட்டு ஏழு வருஷம் ஆகியும் வரவில்லை. டீசலுக்காக அக்கா படும் பாட்டைத் தம்பி பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

அவர் வாடகைக்கு இருந்த சமாதானபுரம் வீட்டின் பின்கட்டில் ஆரம்பித்தார். புன்னை எண்ணெய் லேசில் படிகிற சாதி இல்லை. கரும்பச்சையாக, அமிலம் நிறைந்து இருக்கும். முதலில் காஸ்டிக் போட்டு அமிலத்தைச் சோப்பாக்கி இறக்கிவிட வேண்டும். பிறகுதான் மெத்தனால். அளவு கொஞ்சம் பிசகினாலும் மொத்தமும் களியாகிவிடும். ஏழு மாதம் களிதான் கிண்டினார். நான் கிண்டல் செய்வேன், “அண்ணாச்சி, இன்னைக்கு அல்வாவா களியா?” என்று. அவர் சிரிக்க மாட்டார்.

ஆகிவிட்டதா என்று பார்க்க அவரிடம் இரண்டு சோதனைகள் இருந்தன. ஒன்று, மெத்தனாலில் கொஞ்சம் எண்ணெயை விட்டுப் பார்ப்பது. முழுவதும் கரைந்துவிட்டால் மாறியிருக்கிறது, அடியில் துளி தங்கினால் மாறாத பச்சை எண்ணெய் மிச்சம் இருக்கிறது. இன்னொன்று தண்ணீர்ச் சோதனை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் பாதி எண்ணெய், பாதி தண்ணீர் விட்டு நன்றாகக் குலுக்கி வைத்துவிட வேண்டும். அரை மணிக்குள் எண்ணெய் மேலே, தண்ணீர் கீழே என்று சுத்தமாகப் பிரிந்துவிட்டால் நல்ல எண்ணெய். பால் மாதிரி கலங்கியே நின்றால் சோப்போ பாதி மாறிய எண்ணெயோ உள்ளே இருக்கிறது, அது எஞ்சினுக்கு விஷம். இரண்டிலும் தேறினால்தான் கேனில் சாக்பீசால் ‘பாஸ்’ என்று எழுதுவார். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு முதல் கேனை ஊருக்குக் கொண்டு போனார். எஞ்சின் ஓடியது. “அக்கா சத்தத்தைக் கேட்டுக்கிட்டே வரப்புல நின்னுட்டா மேடம்” என்று வந்து சொன்னபோதுதான், லில்லி போனதற்குப் பிறகு முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

தொண்ணூற்றி ஆறு மே மாதம் ரிட்டையர் ஆனார். தனி ஆளுக்கு எதற்கு வாடகை வீடு என்று சாரம்மாள் வந்து கையோடு அழைத்துப் போய்விட்டார். நல்லதுதான் என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். அக்கா வீடு, அக்கா சமையல், எஞ்சினுக்கு இவர் எண்ணெய். இதில் என்ன குறை வர முடியும் என்று நினைத்தேன்.

அவருக்கு அந்த வீட்டில் ஒட்டவில்லை என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. அக்கா ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னதில்லை. இவராகத்தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவார், இரண்டாம் தடவை சோறு கேட்க மாட்டார், பேப்பர் படிப்பதற்குக்கூட டீக்கடைக்குப் போய்விடுவார். ஐம்பத்தெட்டு வயசு வரைக்கும் யார் கையையும் எதிர்பார்க்காத மனுஷனுக்குச் சும்மா இருந்து சாப்பிடுவது நெஞ்சில் குத்தியிருக்கிறது. இந்தக் கூச்சத்தைக் கௌரவம் என்று சொல்லி நாம்தான் வளர்த்து வைத்திருக்கிறோம். எனக்கு அதை நினைத்தால் இப்போதும் எரிச்சலாக வருகிறது.

அந்த ஊர்த் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுக் கிணறுகள் எல்லாம் உப்பு. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ அதுதான். குடிக்கவும் உலை வைக்கவும் தாமிரபரணித் தண்ணீர் தெருக் குழாயில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை வரும். அதுதான் நல்ல தண்ணி. காலை நாலு மணிக்கே குடங்கள் வரிசையில் நிற்கும். சாரம்மாள் முட்டு வலியோடு ஆறு குடம் சுமந்து வந்து மூடி வைப்பார். அந்த ஊரில் விருந்தாளிகூட நல்ல தண்ணியில் கை கழுவ மாட்டான். எண்ணெய்ப் பாட்டிலில் ஊற்றிக் குலுக்கிவிட்டுக் கீழே கொட்ட யாராவது நல்ல தண்ணி எடுப்பார்களா? எலியேசர் அண்ணாச்சி கிணற்றில் இறைத்து ஊற்றிக்கொண்டார்.

இதற்குள் மெத்தனாலுக்குக் கஷ்டம் வந்துவிட்டது. கள்ளச் சாராயத்தில் கலந்துவிடுவார்கள் என்று அதற்கு லைசென்ஸ், கெடுபிடி எல்லாம் உண்டு. தெரிந்தவர் ஒருவர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுத்தார். அதனால் மெத்தனால் சோதனையை முதலில் நிறுத்தினார். தண்ணீர்ச் சோதனை ஒன்று போதும் என்று நினைத்திருக்கிறார். பிறகு எண்ணெயில் சேர்க்கும் மெத்தனாலையும் கொஞ்சம் குறைத்துப் பார்த்தார். பாட்டிலில் குலுக்கி வைத்தால் சுத்தமாகப் பிரிந்தது. இன்னும் குறைத்தார். அப்போதும் பிரிந்தது. பாளையங்கோட்டையில் அரை மணி ஆனது இங்கே பத்தே நிமிஷத்தில் பிரிகிறது என்று எனக்குப் போஸ்ட் கார்டு எழுதினார். கை பழகிவிட்டது, அதனால்தான் என்று நானும் பாராட்டிப் பதில் எழுதினேன். அந்தக் கார்டில் கொஞ்சம் மூளையைச் செலவழித்திருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும். நான் செலவழிக்கவில்லை.

தொண்ணூற்றி எட்டு ஜனவரியில் எஞ்சின் புகைய ஆரம்பித்தது. சாரம்மாளின் புருஷன் காலத்திலிருந்து அந்த எஞ்சினைப் பார்த்து வந்தவர் பாவா என்கிற மெக்கானிக். கழற்றிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, தப்பா நெனைக்காதீங்க. கோளாறு ஒங்க எண்ணெயிலதான். உள்ள பூரா கோந்தா பிடிச்சிருக்கு” என்று சொல்லியிருக்கிறார். அண்ணாச்சி தேதிவாரியாக எழுதிய நோட்டை எடுத்துக் காட்டி, ஒரு கேன்கூடத் தேறாமல் போனதில்லை என்று விளக்கியிருக்கிறார். பாவா சுத்தம் செய்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். மறு மாதமும் அதே புகை. தம்பி தப்புச் சொல்ல மாட்டான், அப்படியானால் தப்பு மெக்கானிக்கிடம்தான் என்று முடிவு கட்டிவிட்டார் சாரம்மாள். பழைய சாமானைப் போட்டுவிட்டுப் புதுசைத் தூக்கிக்கொண்டு போகிறான் என்று பஜாரில் நாலு பேர் கேட்கப் பாவாவை ஏசினார். பாவா அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஏப்ரல் கடைசியில் எஞ்சின் இறுகி நின்றேவிட்டது. வாழை குலை தள்ளியிருந்த நேரம், குளமும் வற்றிவிட்டது. பக்கத்து வயல்காரர்களுக்கே எஞ்சின் ஓயாமல் ஓட வேண்டியிருந்ததால் யாரும் இரவல் தரவில்லை. மூன்று வாரத்தில் வாழை நடுவில் மடங்கி மடங்கி விழுந்தது. அப்போது அண்ணாச்சியிடமிருந்து எனக்கு இன்னொரு கார்டு வந்தது. சபைத் தோட்டத்து எஞ்சினைத் திங்கட்கிழமை இரவல் தருகிறார்கள், மிச்சம் இருக்கிற வாழையையாவது காப்பாற்றலாம், ஆனால் என் எண்ணெயை ஊற்றலாமா என்று ஊரில் பேச்சாக இருக்கிறது, நீங்கள் ஒரு தடவை வந்து சோதித்துச் சொன்னால் அக்காவுக்குத் தைரியமாக இருக்கும் என்று எழுதியிருந்தார். பரீட்சைக்கு எக்ஸாமினரைக் கூப்பிடுவது போல என்னைக் கூப்பிட்டிருந்தார்.

சனிக்கிழமை நானும் என் வீட்டுக்காரர் ஸ்ரீகுமாரும் திருச்செந்தூரில் சாமி கும்பிட்டுவிட்டு மத்தியானம் அங்கே போய்ச் சேர்ந்தோம். எங்களுக்குச் சொந்த ஊர் சேரன்மகாதேவி. ஆற்றங்கரையில் பிறந்தவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, எங்கே போனாலும் ஆற்றுத் தண்ணீரைக் கேனில் தூக்கிக்கொண்டு போவோம். உள்ளே நுழைந்ததும் சாரம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினார். “வேண்டாம்மா, கையில வச்சிருக்கேன்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். செம்பு பின்னால் போனது. அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியும். சாதியை மனசில் வைத்துச் சொல்லவில்லை என்று நான் எப்படிச் சொன்னாலும் அது நிற்காது. நாலு மணிக்கு வரிசையில் நின்று பிடித்த தண்ணீர் அது என்று தெரிந்திருந்தால் ஒரு மடக்காவது குடித்திருப்பேன்.

பின்கட்டில் நாலு கேன் எண்ணெய் தயாராக இருந்தது. நாலிலும் ‘பாஸ்’. அண்ணாச்சி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். பாட்டிலில் எண்ணெயும் தண்ணீரும் விட்டு, குலுக்கி, என் முன்னால் வைத்தார். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, கோடு போட்டது போலப் பிரிந்தது. “பாத்தீங்களா மேடம். எண்ணெயில குத்தம் இல்ல. எஞ்சின் பழசு, அதான்” என்றார். ஆமாம் என்றுதான் நானும் சொன்னேன். சாரம்மாள் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

கையில் பிசுக்காக இருக்கிறதே என்று கிணற்றடிக்குப் போய்ச் சோப்புப் போட்டேன். நுரைக்கவில்லை. மறுபடி தேய்த்தேன். வெள்ளை வெள்ளையாகத் திரிந்து கையில் ஒட்டியதே தவிர ஒரு நுரை வரவில்லை. கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எண்ணெயையும் தண்ணீரையும் பால் போலக் கலங்க வைப்பதே சோப்பும் பாதி மாறிய எண்ணெயும்தான். உப்புத் தண்ணீரில் அதுகள் வேலை செய்யாது. எந்தக் கெட்ட எண்ணெயை விட்டாலும் இந்தக் கிணற்றுத் தண்ணீர் சுத்தமாகப் பிரித்துக் காட்டிவிடும்.

சொல்லாமல் பஸ் ஏறியிருக்கலாமே என்று சில நாள் இப்போதும் தோன்றும். ஏறியிருந்தால் திங்கட்கிழமை சபை எஞ்சினும் போயிருக்கும். திரும்பி வந்து, “அண்ணாச்சி, எங்க ஊர்த் தண்ணியில ஒரு தடவை பாத்திருவோமா?” என்று கேட்டேன். என் கேனிலிருந்து ஊற்றியதும் அவரே குலுக்கி வைத்தார். பால் மாதிரி ஆகிவிட்டது.

அரை மணி பார்த்தோம். ஒரு மணி பார்த்தோம். ஸ்ரீகுமார் பஸ் நேரத்தைச் சொல்லிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். பால் பாலாகவே நின்றது. அண்ணாச்சி மற்ற மூன்று கேன்களிலிருந்தும் எடுத்து, என்னிடம் தண்ணீர் வாங்கி, ஒவ்வொன்றாகக் குலுக்கி வரிசையாக வைத்தார். நாலும் ஒரே மாதிரி. நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. இருபத்தொன்பது வருஷம் உப்பைப் பொட்டலம் கட்டிய மனுஷன். “கெணத்துத் தண்ணி” என்றார் பைய. பிறகு துணியை நனைத்து நாலு கேனிலும் சாக்பீஸ் எழுத்தைத் துடைத்தார்.

சாரம்மாள் காப்பியோடு வந்தார். அண்ணாச்சி எழுந்து நின்றுகொண்டார்.

“அக்கா, எண்ணெயிலதான் குத்தம்.”

“இப்பம்தான பிரிஞ்சிருக்குன்னு சொன்ன.”

“அது உப்புத் தண்ணிக்காகப் பிரிஞ்சது. எஞ்சின நான்தான் கெடுத்திருக்கேன்.”

சாரம்மாள் காப்பித் தட்டைக் கீழே வைத்தார். “அப்பம் பாவா சொன்னது நெசமா?”

“நெசம்தான்.”

“பஜார்ல வச்சு அவனக் களவாணின்னு சொல்லிட்டேனே லே.”

“என் பேச்சக் கேட்டுத்தான சொன்ன.”

சாரம்மாள் அந்தப் பால் பாட்டில்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை. “நல்ல தண்ணியில பாத்திருந்தா மொதல்லயே தெரிஞ்சிருக்குமோ?” என்றார்.

“தெரிஞ்சிருக்கும்.”

“எவ்வளவு வேணும் அதுக்கு?”

“ஒரு டம்ளர்.”

“ஒரு டம்ளர் தண்ணி” என்றார் அந்த அம்மா. “எங்கிட்ட கேக்கதுக்கு ஒனக்கு என்னலே?”

“நீ காலு வலியோட நின்னு கொண்டாருத தண்ணிக்கா. சும்மா உக்காந்து திங்கவன் அதையும் கேட்டு எண்ணெயில ஊத்தணுமா?”

“சும்மா உக்காந்து திங்கேன்னு நான் என்னைக்காது சொன்னனா?”

“நீ சொல்லல.”

அதற்குப் பிறகுதான் சாரம்மாள் அழுதார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தம் வெளியே போகாமல் அழுதார். நான் அங்கே வேண்டாத ஆளாக நின்றேன்.

அண்ணாச்சி ஒரு பையில் இரண்டு சட்டையும் வேதாகமமும் எடுத்துக்கொண்டு எங்களோடு பஸ்ஸுக்கு வந்துவிட்டார். “போகாதலே, நான் ஒண்ணும் நெனைக்கல” என்று தெரு முக்கு வரைக்கும் அக்கா பின்னாலேயே வந்தார். இவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். திங்கட்கிழமை சபை எஞ்சின் கடை டீசலில் ஓடி, கால்வாசி வாழை பிழைத்தது. சாரம்மாள் பாவாவின் ஒர்க் ஷாப்புக்குப் போய், அதே பஜாரில் நின்று மன்னிப்புக் கேட்டாராம்.

அண்ணாச்சி பாளையங்கோட்டையில் ஒரு ஒற்றை அறையில் பதினோரு மாதம் இருந்தார். மெஸ்ஸில் சாப்பாடு. அக்கா மூன்று தடவை வந்து கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் அடுத்த மாதம் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். மூன்றாவது தடவை என்னிடம் வந்து, “நீங்க சொன்னா கேப்பான், நீங்க சொல்லுங்கம்மா” என்று சாரம்மாள் கையைப் பிடித்தார். நான் போய்ச் சொன்னேன். அக்கா ஒன்றும் மனசில் வைத்துக்கொள்ளவில்லை, அந்த வீட்டில் உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு என்று எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எங்க அக்கா நல்லவ மேடம்” என்றார்.

அவர் அங்கே போகவில்லை. போன மாதம் அவர் இறந்ததும் சாரம்மாள்தான் வந்தார், வேனில் சவப்பெட்டியை ஊருக்கு ஏற்றிக்கொண்டு போக. தம்பிக்குப் பாளையங்கோட்டையிலேயே கல்லறை இடம் வாங்கியாகிவிட்டது, அவரே தன் பென்ஷனில் முன்கூட்டிக் கட்டி வைத்திருக்கிறார் என்று சபை கிளார்க் ரசீதைக் காட்டினார். சாரம்மாள் அதை வாங்கிப் படித்தார். “இதுக்கும் எங்கிட்ட கேக்கல” என்றார்.